பாயம் ஏன் எதிர்மறையாகிறது?

கதிர்வீச்சுக் கடத்தல் கணக்கீடு: வாசகர் கேள்வி – பதில்

நியூட்ரானோ காமாவோ ஒளியோ, ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதைச் சொல்வது கடத்தல் சமன்பாடு. அதைக் கணினியில் தீர்க்க முயலும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். சூத்திரங்களை இயன்றவரை சொற்களிலேயே எழுதியிருக்கிறோம். ‘மோதலிடைத் தூரம்’ என்று வரும் இடங்களில், ஒரு துகள் இரு மோதல்களுக்கு இடையே சராசரியாகக் கடக்கும் தொலைவு என்று கொள்க. மொத்தக் குறுக்குவெட்டின் (ஒரு செ.மீ. ஓட்டத்துக்கு மோதும் வாய்ப்பின்) தலைகீழ் மதிப்பு அது. ‘பாயம்’ என்பது ஓரிடத்தைத் துகள்கள் கடக்கும் அடர்வு; அதையே திசைவாரியாகப் பிரித்தால் ‘கோணப் பாயம்’.

கேள்வி: கடத்தல் சமன்பாடு நேரியல் சமன்பாடுதானே? அணி வடிவில் எழுதி நேரடியாகத் தீர்த்துவிட முடியாதா? எதற்கு இத்தனை தோராய முறைகள்?
– இளநிலை இயற்பியல் மாணவர்

பதில்: நேரியல்தான். ஆனால் அளவு இடம் கொடுக்காது. இடத்துக்கு 3, திசைக்கு 2, ஆற்றலுக்கு 1, காலத்துக்கு 1 என மாறிகள் 7. ஒவ்வொன்றையும் 100 புள்ளிகளாக வெட்டினால் 10-இன் 14-ஆம் அடுக்கு அளவுக்கு மதிப்புகள் வரும். மதிப்புக்கு 8 பைட் என்றால் விடையை எழுதிவைக்கவே 800 டெராபைட் வேண்டும். அணியைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம்.

அதனால் ஒவ்வொரு மாறிக்கும் தனித்தனியாக ஒரு தோராயம் செய்கிறோம். ஆற்றலைக் குழுக்களாகப் பிரிக்கிறோம். திசையைக் குறிப்பிட்ட சில திசைகளாகச் சுருக்கினால் அது எஸ்என் முறை (எஸ்8, எஸ்16 என்று எண் கூடக்கூடத் திசைகளும் கூடும்). கோளச் சீரிசைச் சார்புகளின் கூட்டலாக எழுதினால் பிஎன் முறை. இடத்தைக் கட்டங்களாக வெட்டுகிறோம். சிதறல் எல்லாத் திசைகளையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால், அந்தப் பகுதியை மட்டும் முந்தைய விடையிலிருந்து எடுத்துக்கொண்டு சுற்றுச் சுற்றாகத் தீர்க்கிறோம். எஸ்என் பழைய முறை. 1943-இல் விக் தந்த கருத்தைச் சந்திரசேகர் விண்மீன் வளிமண்டலங்களுக்கு விரிவாகப் பயன்படுத்தினார். 1950-களில் லாஸ் அலமாஸில் கார்ல்சன் அதை நியூட்ரான் கணக்குகளுக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்தார்.

ஒவ்வொரு தோராயத்தின் பிழைக்கும் தனிச் சாயல் உண்டு. அந்தச் சாயலைப் பார்த்து எந்த மாறியை நுணுக்குவது என்று முடிவெடுப்பதுதான் இந்த வேலையில் பாதி. அதைச் செய்யாமல் ஏழு மாறிகளையும் இரண்டிரண்டு மடங்காக்கினால் கணக்கின் அளவு 128 மடங்காகும். பிழை இருந்த இடத்திலேயே இருந்தாலும் வியப்பதற்கில்லை.

கேள்வி: ஒரு பரிமாண எஸ்என் நிரல் ஒன்றை நானே எழுதியிருக்கிறேன். சரியாக எழுதியிருக்கிறேனா என்று எதை வைத்துச் சோதிப்பது?
– முதுநிலை மாணவி

பதில்: விடை தெரிந்த கணக்கில் தொடங்குங்கள். மொத்தக் குறுக்குவெட்டு செ.மீ.க்கு 1, சிதறல் 0.5, மூலம் 1, தடிமன் 10 செ.மீ., இரு எல்லைகளும் பிரதிபலிப்பவை. எங்கும் கசிவு இல்லை என்பதால் விடை மூலம் ÷ உட்கவர்தல், அதாவது 1 ÷ 0.5 = 2. எல்லாக் கட்டத்திலும் அதே 2 வர வேண்டும்.

விடை மட்டுமல்ல, அது வரும் வழியும் தெரியும். பூச்சியத்திலிருந்து தொடங்கினால் நடுக்கட்டத்தில் முதல் சுற்றில் ஏறக்குறைய 1, அடுத்து 1.5, பிறகு 1.75, 1.875 என்று பாதிப் பாதியாக இடைவெளி குறைந்துகொண்டே வரும். இப்படி வராவிட்டால், வந்த எண்ணே தவறைக் காட்டிக்கொடுக்கும். சுற்றுக்குச் சுற்று 2 கூடிக்கொண்டே போனால், திசை எடைகளின் கூடுதல் 2 என்று வைத்துக்கொண்டு மொத்த மூலத்தை (சிதறல் + வெளிமூலம்) 2-ஆல் வகுக்க மறந்திருக்கிறீர்கள். விடை 0.667-இல் நின்றால், எடைகளின் கூடுதல் 1 என்று வைத்துவிட்டு அதன் பிறகும் 2-ஆல் வகுத்திருக்கிறீர்கள். புதிதாக எழுதப்படும் நிரல்களில் அடிக்கடி தட்டுப்படுவது இந்த எடைக் குழப்பம்தான்.

விடை நடுவில் 2 ஆகவும் ஓரத்தில் மட்டும் குறைவாகவும் இருந்தால், பிரதிபலிப்பு எல்லையில் வெளியேறும் பாயம் உள்வரும் திசைக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். வெளியேறும் திசை எதுவோ அதன் எதிர்த்திசைக்குத்தான் அந்த மதிப்பு போய்ச் சேர வேண்டும். இதில் தேறிய பிறகு சிதறலைப் பூச்சியமாக்கி, ஓர் எல்லையில் மட்டும் கதிரை உள்ளே விட்டு, அது அடுக்குக்குறி முறையில் தேய்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதாகத் துகள் கணக்கு: உள்ளே வந்தது + மூலம் = உட்கவரப்பட்டது + வெளியேறியது. சுற்றுகள் குவிந்த பிறகும் இது பத்து இலக்கத்துக்குப் பொருந்தாவிட்டால் நிரலில் தவறு இருக்கிறது. கட்டத்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்று அதன் பின்னால் போகாதீர்கள். கட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தச் சமநிலை பொருந்தியே ஆக வேண்டும்.

கேள்வி: வைரவேறுபாட்டு முறையில் எஸ்8 வரை விடை நன்றாக வருகிறது. கட்டம் 0.25 மோதலிடைத் தூரம். துல்லியம் வேண்டி எஸ்16-க்குப் போனால் எல்லையோரம் கோணப் பாயம் எதிர்மறையாகிறது. திசைகளைக் கூட்டினால் விடை மேம்படத்தானே வேண்டும்?
– அணுப்பொறியியல் ஆய்வு மாணவர்

பதில்: திசைகளைக் கூட்டியபோது உங்கள் கட்டம் தடித்துவிட்டது. நீங்கள் அதைத் தொடவே இல்லை, உண்மைதான். ஆனால் சாய்ந்து செல்லும் துகள் கட்டத்துக்குள் அதிகத் தொலைவு ஓடுகிறது. கணக்கில் வருவது கட்ட அகலம் அல்ல. அகலத்தைத் திசைக் கோசைனால் வகுத்து வரும் ஓட்டத் தொலைவு. அதை ‘த’ என்று வைத்துக்கொள்வோம். கட்டத்தின் சராசரிப் பாயம் அதன் இரு முனை மதிப்புகளின் சராசரியே என்று கொள்வது வைரவேறுபாட்டு முறை. கட்டத்தில் மூலம் இல்லையென்றால், அந்த முறையில்

வெளியேறும் பாயம் = உள்வரும் பாயம் × (2 − த) ÷ (2 + த)

‘த’ 2-ஐத் தாண்டியதும் மேலே உள்ளது எதிர்மறையாகிவிடும். எஸ்8-இன் மிகச் சாய்ந்த திசையின் கோசைன் 0.1834, 0.25-ஐ அதனால் வகுத்தால் 1.36. தப்பித்தீர்கள். எஸ்16-இல் அது 0.0950, வகுத்தால் 2.63. உள்ளே 1 போனால் வெளியே −0.136 வருகிறது. அடுத்த கட்டத்தில் அது நேர்மறையாகும், அதற்கடுத்ததில் மீண்டும் எதிர்மறை. கட்டத்துக்குக் கட்டம் குறி மாறும் இந்த ஊசலாட்டத்தைப் பார்த்தாலே வைரவேறுபாட்டின் வேலை என்று சொல்லிவிடலாம். எஸ்16-க்கு 0.19 மோதலிடைத் தூரத்துக்குக் குறைவான கட்டம் வைத்தால் நின்றுவிடும். எல்லையோரம் மட்டும் கட்டத்தைச் சிறிதாக்கினாலே பெரும்பாலும் போதும். உள்ளே அந்தச் சாய்ந்த திசையில் பாயத்தை மூலமே நிர்ணயிப்பதால் சிக்கல் வருவதில்லை.

எதிர்மறை வரவே கூடாது என்று, கட்டச் சராசரியும் வெளியேறும் பாயமும் ஒன்றே என்று கொள்ளும் படி முறைக்கு மாறுபவர்கள் உண்டு. அதில் பெருக்குக்காரணி 1 ÷ (1 + த). எப்போதும் நேர்மறைதான், ஆனால் கொடுக்கும் விலை அதிகம். ‘த’ 0.1 என்று நுணுக்கமாகவே கட்டம் வைத்து 100 கட்டங்களைக் கடந்து பாருங்கள். மெய்யான தேய்வு 0.0000454. வைரவேறுபாடு தருவது 0.0000450, பிழை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. படி முறை தருவது 0.0000726; 60 விழுக்காடு அதிகம். ஒவ்வொரு கட்டத்திலும் அரை விழுக்காடுகூடத் தவறவில்லை. ஆனால் நூறு முறை பெருக்கும்போது இப்படியாகிறது. கவசக் கணக்குக்குப் படி முறை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

எதிர்மறை வந்த இடத்தில் பூச்சியம் போட்டு, கட்டச் சராசரியைச் சமநிலையிலிருந்து மறுபடி கணக்கிடும் திருத்தமும் வழக்கத்தில் உண்டு. ‘த’ 3 என்றால் திருத்தம் இல்லாத சராசரி 0.4, திருத்திய பின் 0.333, மெய்மதிப்பு 0.317. சராசரியைக் காப்பாற்றிவிடுகிறது. ஆனால் பூச்சியம் போட்டதோடு நிறுத்திக்கொண்டு சராசரியைத் திரும்பக் கணக்கிடாமல் விட்டால் துகள் சமநிலை உடையும். முந்தைய பதிலில் சொன்ன சோதனை உடனே காட்டிவிடும். இன்னொன்று: இந்தத் திருத்தம் கணக்கை நேரியல் அல்லாததாக்குகிறது. சுற்றுகளை விரைவாகக் குவிக்கும் முடுக்கு முறைகள் தடுமாறுவதும், கடைசிச் சில இலக்கங்கள் நிலைக்கு வராமல் ஆடுவதும் அதனால்தான்.

கையில் நேரம் இருந்தால், கட்டத்துக்குள் பாயம் நேர்கோட்டில் மாறுவதாகவும் கட்ட எல்லையில் தாவலாம் என்றும் கொள்ளும் நேரியல் தொடர்ச்சியற்ற முறைக்கு மாறுங்கள். அதன் காரணி (6 − 2த) ÷ (6 + 4த + த²). ‘த’ 1-க்கு 0.364 தரும், மெய்மதிப்பு 0.368, வைரவேறுபாடு தருவது 0.333. ‘த’ 3-ஐத் தாண்டினால் இதுவும் எதிர்மறையாகும், ஆனால் லேசாக: 4-க்கு −0.053. கட்டத்துக்கு ஒன்றுக்குப் பதில் ஒரு பரிமாணத்தில் 2 அறியாதவை, முப்பரிமாணச் செவ்வகக் கட்டத்தில் பொதுவாக 8. நினைவகத்தைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

கேள்வி: அடுத்தடுத்த சுற்றுகளின் வேறுபாடு 0.0001-க்குக் கீழே போனதும் நிறுத்துகிறேன். இன்னொரு நிரலோடு ஒப்பிட்டால் விடை ஏறக்குறைய ஒரு விழுக்காடு குறைவாக இருக்கிறது. கட்டத்தையும் திசைகளையும் கூட்டிப் பார்த்தும் பயனில்லை.
– அணுக்கருக் கவசத் துறைப் பொறியாளர்

பதில்: கட்டத்தையும் திசையையும் விட்டுவிடுங்கள். உங்கள் சுற்றுகள் குவியவில்லை, குவிந்ததுபோல் தோன்றியிருக்கிறது.

மூலச் சுற்றில் ஒவ்வொரு சுற்றும் ஒரு மோதலுக்குச் சமம். பூச்சியத்திலிருந்து தொடங்கினால் முதல் சுற்று மோதாத துகள்கள், இரண்டாவது ஒரு முறை மோதியவை, இப்படியே போகும். துகள் உட்கவரப்படும் முன் நூறு முறை மோதுமென்றால் நூற்றுக்கணக்கான சுற்றுகள் இல்லாமல் முடியாது. தடித்த பொருளில் சுற்றுக்குச் சுற்று பிழை குறையும் விகிதம், சிதறல் ÷ மொத்தம் என்ற விகிதமேதான். பிழையைப் பத்து இலட்சத்தில் ஒரு பங்காக்க, அந்த விகிதம் 0.5 என்றால் 20 சுற்று, 0.9 என்றால் 132, 0.99 என்றால் 1,375, 0.999 என்றால் 13,800-க்கும் மேல். வெப்ப நியூட்ரான்களுக்குக் கிராஃபைட்டில் இது 0.999-ஐயும் தாண்டும்.

இப்போது உங்கள் நிறுத்த விதிக்கு வருவோம். இரு சுற்றுகளின் வேறுபாடும் மீதமுள்ள பிழையும் ஒன்றல்ல. விகிதம் 0.99 என்றால் மீதமுள்ள பிழை வேறுபாட்டைப் போல 99 மடங்கு. 0.0001-ஐ 99-ஆல் பெருக்குங்கள். நீங்கள் தேடும் ஒரு விழுக்காடு அங்கே இருக்கிறது. பூச்சியத்திலிருந்து தொடங்கிக் கீழிருந்து மேலே ஏறுவதால் விடை எப்போதும் குறைவாகத்தான் நிற்கும். கவசக் கணக்கில் குறைவு என்பது ஆபத்தான பக்கம்.

நிரலில் மூன்று வரி சேர்த்தால் போதும். இந்தச் சுற்றின் வேறுபாட்டை முந்தைய சுற்றின் வேறுபாட்டால் வகுத்து விகிதத்தைக் கணக்கிடுங்கள். வேண்டிய துல்லியத்தை (1 − விகிதம்) ÷ விகிதம் என்பதால் பெருக்குங்கள். வேறுபாடு அதற்குக் கீழே போன பிறகு நிறுத்துங்கள். சோதனைக்கு மெல்லிய தகட்டை எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியவே தெரியாது; கசிவு அதிகம் என்பதால் அங்கே சீக்கிரம் குவிந்துவிடும்.

ஆயிரம் சுற்று ஓட்டப் பொறுமை இல்லையென்றால் விரவல் முடுக்கு முறை இருக்கிறது. கோணப் பாயம் திசையோடு மெல்ல மாறுகிறது என்று கொண்டு கடத்தல் சமன்பாட்டைச் சுருக்கினால் கிடைப்பது விரவல் சமன்பாடு. ஒவ்வொரு சுற்று முடிவிலும், புதிய பாயத்துக்கும் பழைய பாயத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சிதறல் குறுக்குவெட்டால் பெருக்கி அதை மூலமாக வைத்து ஒரு விரவல் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும்; வரும் விடையைப் பாயத்தோடு கூட்ட வேண்டும். மெதுவாகக் குறையும் பிழை இடத்தில் மெல்ல மாறுவது, திசையில் கிட்டத்தட்டச் சமமானது. விரவல் சமன்பாடு நன்றாகப் பிடிப்பதும் அதைத்தான். கோட்பாட்டளவில் விகிதம் 0.2247-ஐத் தாண்டாது, 1,375 சுற்று பத்தாகிவிடும்.

ஆனால் ஒரு நிபந்தனை. விரவல் சமன்பாட்டை எப்படி வேண்டுமானாலும் கட்டங்களாக வெட்டக் கூடாது. கடத்தல் சமன்பாட்டுக்கு என்ன வெட்டு முறையோ, அதிலிருந்தே வருவிக்க வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால், கட்டம் ஒரு மோதலிடைத் தூரத்தைத் தாண்டும்போது முடுக்கு முறை விடையைச் சிதறடித்துவிடும். இதைத் தீர்த்துக் காட்டியது 1977-இல் வந்த அல்கூஃபின் ஆய்வு. முப்பரிமாணத்தில், அடர்ந்த பொருளும் வெற்றிடமும் அடுத்தடுத்து வரும் இடங்களில், பொருத்தமான முடுக்கு முறையும் வேகம் இழக்கும். அங்கே முழுச் சுற்றையும், பெரிய நேரியல் சமன்பாட்டுத் தொகுப்புகளைத் தீர்க்கும் ஜிஎம்ரெஸ் போன்ற கிரைலோவ் தீர்ப்பானுக்குள் வைத்து ஓட்டுவதே இன்று வழக்கம்.

கேள்வி: சிறிய மூலம் ஒன்றைச் சுற்றிப் பாயத்தை வரைந்தால் வட்டமாக வராமல் நட்சத்திரம்போல் கோடு கோடாக வருகிறது. எஸ்4, இரு பரிமாணம். கட்டத்தைப் பாதியாக்கினால் கோடுகள் இன்னும் கூர்மையாகின்றன!
– கணினி அறிவியல் ஆய்வாளர்

பதில்: கட்டத்தைக் குறைக்கக் குறைக்க மோசமாகும் பிழை இடத்தின் பிழையாக இருக்க முடியாது. இது திசையின் பிழை, பெயர் கதிர் விளைவு. 1968-இல் லாத்ராப் விரிவாக ஆராய்ந்தது. எஸ்4-இல் கால்வட்டத்துக்கு 3 என மொத்தம் 12 திசைகள்தான் தளத்தில் தெரியும். மூலத்திலிருந்து புறப்படும் துகள் அந்த 12 கோடுகளில் மட்டுமே போக முடியும். 10 செ.மீ. தள்ளிப் போனால் கோடுகளுக்கு இடையே சராசரியாகச் சுமார் 5 செ.மீ. இடைவெளி, அங்கே இருக்கும் கட்டத்துக்கு மோதாத துகள் ஒன்றுகூடப் போய்ச் சேராது. பெரிய கட்டம் வைத்திருந்தபோது எண்முறை விரவல் கோடுகளைக் கலைத்து மறைத்திருந்தது. கட்டம் நுணுங்கியதும் உண்மை வெளியே வந்துவிட்டது.

திசைகளைக் கூட்டினால் குறையும், ஆனால் மெதுவாக. முப்பரிமாணத்தில் எஸ்4-க்கு 24 திசைகள், எஸ்8-க்கு 80, எஸ்16-க்கு 288. மூலத்திலிருந்து தொலைவு கூடக்கூட இடைவெளியும் கூடும் என்பதால் எந்த எண்ணிக்கையும் ஓரிடத்தில் தோற்கும். நல்ல வழி முதல் மோதல் மூலம். மோதாத பாயத்தைச் சூத்திரத்தால் நேராகக் கணக்கிடுங்கள்: மூல வலிமை × தேய்வுக் காரணி ÷ (4 × பை × தொலைவின் வர்க்கம்). ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பாயம் முதல் முறை மோதி உண்டாக்கும் சிதறலை மூலமாக வைத்து, மீதியை மட்டும் எஸ்என் கையில் கொடுங்கள். புள்ளியாக இருந்த மூலம் இப்போது இடமெங்கும் பரவிவிட்டதால் கோடுகள் பெரும்பாலும் மறைந்துவிடும். மூலம் இருக்கும் கட்டத்தில் மட்டும் கவனம் தேவை. தொலைவு பூச்சியமாகும் இடம் அது. கட்ட மையத்து மதிப்பை எடுக்காமல் சராசரியைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

பிஎன் முறைக்கு மாறினால் கோடுகள் வராது. பதிலுக்கு, வெற்றிடத்திலும் கூர்மையான முகப்பிலும் பாயம் அலை அலையாக ஏறி இறங்கி எதிர்மறைக்கும் போகும். சிதறல் மிகுந்த பொருளில் அது தொல்லை தராது.

கேள்வி: இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் விரவல் சமன்பாட்டையே பயன்படுத்தினால் என்ன? எங்கே அது செல்லும், எங்கே செல்லாது?
– அணு உலை இயற்பியல் பயிலுநர்

பதில்: உலை மையத்தில், எரிபொருள் கட்டமைப்புகளைச் சராசரியாக்கிய பிறகு, தாராளமாகச் செல்லும். எல்லை, மூலம், கட்டுப்பாட்டுக் கோல் போன்ற வலுவான உட்கவர்பொருள் ஆகியவற்றிலிருந்து இரண்டு மூன்று மோதலிடைத் தூரம் தள்ளி நம்பலாம் என்பது பொது விதி.

இதைவிடக் கறாரான சோதனை ஒன்று உண்டு. விரவலின் அடிப்படை, கோணப் பாயம் திசைக் கோசைனோடு நேர்கோட்டில் மாறுகிறது என்பது. அந்த நேர்கோடு எந்தத் திசையிலும் எதிர்மறையாகாமல் இருக்க, மின்னோட்டம்போல் நிகரமாகப் பாயும் அளவைப் பாயத்தால் வகுத்தால் வரும் எண் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது. உங்கள் விரவல் விடையை எடுத்து ஒவ்வொரு கட்டத்திலும் இந்த விகிதத்தைப் பாருங்கள். 0.33-ஐத் தாண்டிய கட்டங்களில் தோராயம் தன் எல்லையை மீறிவிட்டது, 0.1-க்குக் கீழே இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

கவசத்துக்கு இது உதவவே உதவாது. சிதறலே இல்லாத உட்கவர்பொருளில் விரவல், பாயம் 1.732 மடங்கு வேகத்தில் தேய்வதாகச் சொல்லும். 10 மோதலிடைத் தூரத்துக்குப் பின் மெய்மதிப்பில் சுமார் 1,500-இல் ஒரு பங்குதான் காட்டும். வெற்றிடத்தில் நிலைமை இன்னும் மோசம். விரவல் கெழு முடிவிலிக்குப் போய்விடும்.

கேள்வி: இரும்புக் கவசக் கணக்கில் கட்டம், திசை, சுற்று மூன்றையும் சரிபார்த்துவிட்டேன். ஆனாலும் தடிமன் கூடக்கூட அளவீட்டைவிடக் கணக்கு குறைந்துகொண்டே போகிறது.
– கவச வடிவமைப்பாளர்

பதில்: மீதம் இருப்பது ஆற்றல். இரும்பின் குறுக்குவெட்டில் 24 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் அருகே ஆழமான பள்ளம் ஒன்று இருக்கிறது. அந்த ஆற்றலுள்ள நியூட்ரான்கள் இரும்பை எளிதாகக் கடந்துவிடும். அகலமான குழுவில் சராசரி எடுத்தால் அந்தப் பள்ளம் நிரவப்பட்டுவிடுகிறது.

எவ்வளவு கெடும் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு குழுவில் பாதி நியூட்ரான்களுக்குக் குறுக்குவெட்டு செ.மீ.க்கு 2, மீதிப் பாதிக்கு 0.1. சராசரி 1.05. 10 செ.மீ. கடந்த பிறகு மெய்யாக மிஞ்சுவது 0.184, கிட்டத்தட்ட முழுவதும் இரண்டாம் பாதிதான். சராசரியை வைத்துக் கணக்கிட்டால் 0.0000275. ஆறாயிரம் மடங்குக்கு மேல் குறைவு. எஸ்64 போட்டாலும் இது சரியாகாது.

குழுக்களை அந்தப் பள்ளத்தைச் சுற்றி நெருக்கமாக வையுங்கள். தன்மறைப்புத் திருத்தம் (குறுக்குவெட்டு உயர்ந்த ஆற்றலில் பொருளே பாயத்தைக் குறைத்துவிடுவதற்கான திருத்தம்) செய்த குறுக்குவெட்டுத் தரவு நூலகத்தை எடுங்கள். சராசரிக்கு எடையாக வைத்த நிறமாலை இரும்புக்குள் இருக்கும் நிறமாலையா, வேறு ஏதோ பொருளுடையதா என்று பாருங்கள். சிதறலின் கோணச் சார்பையும் மறக்க வேண்டாம். ஹைட்ரஜனில் மோதும் நியூட்ரானின் சராசரிக் கோசைன் 2/3; எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறுகிறது என்று வைத்தால் தண்ணீர் அடுக்கு முழுவதும் தவறாகிவிடும். அழுத்தக் கலன் கணக்குகளுக்கு அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் 2001-இல் தந்த வழிகாட்டி, சிதறலின் கோணச் சார்பை விரித்தெழுதக் குறைந்தது மூன்றாம் படி (பி3), திசைக்குக் குறைந்தது எஸ்8 என்கிறது. அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

கேள்வி: மான்டி கார்லோ இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?
– பெயர் குறிப்பிடாத வாசகர்

பதில்: மான்டி கார்லோ என்பது தற்செயல் எண்களைக் கொண்டு துகள்களை ஒவ்வொன்றாகப் பின்தொடரும் முறை. திசையையும் ஆற்றலையும் வெட்டாமலே கணக்கிடுவது அதன் பெரிய பலம். 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு தற்செயல் எண் எடுத்து, அதன் இயல் மடக்கையின் குறியை மாற்றி மோதலிடைத் தூரத்தால் பெருக்கினால் அடுத்த மோதல் வரையான தொலைவு, 0.5 வந்தால் 0.693 மோதலிடைத் தூரம். வடிவம் எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் கவலையில்லை.

பலவீனம் புள்ளியியலில். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு துகள்கள், பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு துகள்கள் வேண்டும். 1,000 கோடியில் ஒன்று மட்டும் கடக்கும் கவசத்தில் 100 கோடித் துகள்களை விட்டால் பெரும்பாலும் பூச்சியம்தான் கிடைக்கும். எடைச் சாளரங்கள் வைத்து, முக்கியமான பக்கம் போகும் துகள்களைப் பிளந்தும் மற்றவற்றைக் குறைத்தும் ஓட்ட வேண்டியிருக்கிறது. எது முக்கியமான பக்கம்? அதைச் சொல்வது துணைக் கடத்தல் சமன்பாட்டின் விடை; ஒவ்வோர் இடத்துத் துகளும் நாம் தேடும் அளவுக்கு எவ்வளவு பங்களிக்கும் என்பதைப் பின்னோக்கிக் கணக்கிடுவது அது. அதை எஸ்என் முறையில் பருமட்டாகத் தீர்த்து எடைச் சாளரங்களை அமைக்கும் காடிஸ் முறையை 1998-இல் வாக்னரும் ஹாகிகாத்தும் தந்தார்கள். இந்த வேலைக்கு எஸ்என் விடை பருமட்டாக இருந்தால் போதும். தவறினால் நேரம்தான் கூடும், விடையின் எதிர்பார்ப்பு மதிப்பு கெடாது.

நிரல் காட்டும் பிழையை அப்படியே நம்ப வேண்டாம். எம்சிஎன்பி என்ற மான்டி கார்லோ நிரலின் கையேடு சொல்லும் அளவுகோல்: சார்புப் பிழை 0.1-க்குக் கீழே இருந்தால் பொதுவாக நம்பலாம், புள்ளி உணரிக்கு 0.05-க்குக் கீழே. அதோடு, பிழையின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கித் தலைகீழாக்கினால் வரும் திறன் எண் ஓட்டம் முழுவதும் ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும். நடுவில் அது திடீரென்று விழுந்தால், பெரிய எடையோடு ஓர் அரிய துகள் வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதுவரை காட்டிய பிழை பொய்.

கேள்வி: 10 இலட்சம் கட்டம், எஸ்8, 47 குழு. எவ்வளவு நினைவகம் வேண்டும்?
– மென்பொருள் பொறியாளர்

பதில்: கோணப் பாயம் முழுவதையும் வைத்திருந்தால் 10 இலட்சம் × 80 × 47 × 8 பைட், சுமார் 30 ஜிகாபைட். நேரியல் தொடர்ச்சியற்ற முறை என்றால் அதைப் போல 8 மடங்கு, 240. ஆனால் வைத்திருக்கத் தேவையில்லை. ஒரு திசையில் எல்லையில் தொடங்கி மறு எல்லை வரை கட்டம் கட்டமாகக் கணக்கிட்டுச் செல்லும்போதே அந்தத் திசையின் பங்கைச் சிதறல் கூறுகளில் சேர்த்துவிட்டு மதிப்புகளைத் தூக்கிப் போடலாம். பி3-க்கு முப்பரிமாணத்தில் 16 கூறுகள். மொத்தம் 6 ஜிகாபைட். காலச் சார்புக் கணக்கில் மட்டும் முந்தைய நேரத்தின் கோணப் பாயம் தேவைப்படும். அங்கே இந்தச் சிக்கனம் செல்லாது.

கேள்வி: நினைவகத்தை மிச்சப்படுத்த ஒற்றைத் துல்லிய எண்களைப் பயன்படுத்தலாமா?
– அதே வாசகர்

பதில்: கட்டம் கட்டமாகச் செல்லும் கணக்குக்குப் பயன்படுத்தலாம், அதில் பெரும்பாலும் நேர்மறை எண்களைக் கூட்டுவதும் வகுப்பதும்தான், இலக்கங்கள் அவ்வளவாகக் கரையாது. இரண்டு இடங்களில் மட்டும் இரட்டைத் துல்லியத்தை விடாதீர்கள். ஒன்று, பல இலட்சம் கட்டங்களின் மதிப்புகளைக் கூட்டும் துகள் சமநிலை. இன்னொன்று, சுற்றுகளின் வேறுபாடு. ஒற்றைத் துல்லியத்தில் ஏறத்தாழ 7 இலக்கங்களே உண்டு, விகிதம் 0.99 ஆக இருக்கும் கணக்கில் பிழை பத்து இலட்சத்தில் ஒரு பங்காக வேண்டுமென்றால் வேறுபாடு பத்துக் கோடியில் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும். அந்த எண்ணை ஒற்றைத் துல்லியத்தால் காட்டவே முடியாது. நிரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அல்லது வேறுபாடு பூச்சியம் என்று சொல்லித் தவறான இடத்தில் நின்றுவிடும்.